எண்ணெய்ப் படலம் தாங்கிய பெருஞ்சுமை – அல்பேட் கிங்ஸ்பெரியின் வாழ்க்கை

வீழும் நீரிலிருந்து மின்சாரம் பிறக்கின்றது என்பதை யாவரும் அறிவோம். ஆயின், நீர் சுழற்றும் பெருஞ்சக்கரமும் அதனோடு ஒரே நெடுந்தண்டிற் பொருத்தப்பட்ட மின்பிறப்பாக்கியும் நூற்றுக்கணக்கான தொன் பாரமுடையன. அப்பாரம் முழுவதையும், தண்டு ஓயாது சுழலும்போதே, சுமந்து நிற்பது எது? அதுவே உந்துதாங்கி எனப்படும் உறுப்பு. பட்டறைகளில் பெயரிங் என வழங்குவனவற்றுள் ஒருவகை. அது பழுதுற்றால் ஆறு பெருகி ஓடியும் பயனில்லை. அவ்வுறுப்பைச் செம்மையுற அமைத்துத் தந்த பெரியார் அமெரிக்கரான அல்பேட் கிங்ஸ்பெரி.

1860களின் தொடக்கத்தில் இலினோய் மாநிலத்திற் பிறந்த இவர், இளமையிலே பட்டறையில் இயந்திரத் தொழில் பயின்றவர். பின்னர் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த காலத்தில், 1888இல், புகையிரத வண்டித் தாங்கிகளுக்கான உலோகங்களைச் சோதிக்கும் பணி இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. எந்த உலோகம் சிறந்தது என்று காண்பதே நோக்கம். கிங்ஸ்பெரியோ உலோகப் பரப்புகளைத் தம் கையாலேயே சுரண்டிச் செப்பனிட்டுச் சோதித்தார். அவ்வாறு செய்ததும் எல்லா உலோகங்களும் ஒரே அளவான உராய்வையே காட்டின, தேய்வும் காணப்படவில்லை. சுமையைத் தாங்குவது உலோகமன்று, இடையிலுள்ள எண்ணெய்ப் படலமே என்ற உண்மை அவருக்குப் புலனாயிற்று.

நியூ ஹம்ப்சயர் கல்லூரியிற் பேராசிரியராயிருந்த வேளையில், எண்ணெயின்றி வெறுங்காற்றின் மேலேயே கனத்த உருளையொன்று மிதந்து சுழல்வதைக் கண்டு ஆராய்ந்து 1897இல் வெளியிட்டார். ஒஸ்போர்ன் றெனோல்ட்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1886இல் வெளியிட்ட கணிதக் கட்டுரையைக் கற்றபோது இதன் காரணம் தெளிவாயிற்று. ஒடுங்கிச் செல்லும் இடைவெளிக்குள் எண்ணெய் இழுக்கப்பட்டால் அதில் அழுத்தம் எழும். அவ்வழுத்தமே சுமையைத் தூக்கும். பழைய உந்துதாங்கிகளில் இரு தட்டுகளும் சமாந்தரமாகப் பொருந்திக் கிடந்தமையால், எண்ணெய் பிதுங்கி வெளியேற, உலோகம் உலோகத்தைத் தின்றது. கிங்ஸ்பெரி கீழ்த்தட்டைப் பல துண்டுகளாகப் பகுத்தார். ஒவ்வொன்றையும் ஒரு முனையின் மேல் தானே சாயுமாறு நிறுத்தினார். சுழற்சி தொடங்கியதும் அவை வேண்டிய அளவிற்குச் சாய்ந்து, தலைமயிரிலும் மெல்லிய படலத்தைத் தமக்குத்தாமே அமைத்துக்கொண்டன. 1898இல் அவர் நடத்திய சோதனைகள் இதனை மெய்ப்பித்தன.

எனினும் உலகம் உடனே ஏற்கவில்லை. 1907இல் அவர் காப்புரிமை கோரியபோது, அவுஸ்திரேலியரான மிச்செல் என்பார் தாமாகவே இதே கருத்தைக் கண்டு 1905இற் காப்புரிமை பெற்றிருந்தமை தடையாயிற்று. 1898இன் சோதனைகளைச் சான்றாகக் காட்டிய பின்னரே, 1910இல் கிங்ஸ்பெரிக்கு உரிமை கிடைத்தது.

பென்சில்வேனியாவிற் சஸ்குவெஹன்னா ஆற்றின் கரையில் ஹோல்ட்வுட் என்னுமிடத்து நீர்மின் நிலையத்தில் உருளைத் தாங்கிகள் சில மாதங்களிலேயே தேய்ந்து பெருந்தொல்லை விளைத்தன. அங்கே தம் தாங்கியைப் பொருத்த முன்வந்த கிங்ஸ்பெரி, அதனைத் தமது சொந்தச் செலவிலேயே செய்வித்தார். சுழலும் பாகங்களின் எடை சுமார் 165 தொன். நீரின் அழுத்தம் மேலும் 40 தொன். 1912இல் நடந்த முதலோட்டம் தோல்வியில் முடிந்தது. தாங்கி சூடேறிப் பழுதுற்றது. கொள்கை பிழையென்று அவர் கைவிடவில்லை. குறை பரப்பின் மெருகிலேயே உள்ளதெனக் கண்டார். பரப்புகள் மீண்டும் செப்பனிடப்பட்டன. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மறுபடியும் இயக்கியபோது அத்தனை பாரமும் எண்ணெயின் மேல் அமைதியாகச் சுழன்றது. பின்னர் கப்பல்களிலும் அவரது தாங்கிகள் இடம்பெற்றன.

முதுமையிலும் அவரது ஆராய்ச்சி ஓயவில்லை. கணிதத்தால் எளிதில் விடுவிக்க முடியாத படலத்தின் அழுத்தத்தை, மின்னோட்டம் பாயும் கரைசற் தொட்டியை மாதிரியாக அமைத்து அளந்தறியும் முறையொன்றை 1931இல் வெளியிட்டார். 1943இல் அவர் மறைந்தார். 1987இல் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கம் ஹோல்ட்வுட் தாங்கியை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தபோது, 75 ஆண்டுகள் கடந்தும் அது தன் பணியிலேயே நின்றது.

இளைஞர்களே, இவர் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. மாணவப் பருவத்தில் ஒப்படைக்கப்பட்ட சிறு சோதனையை அவர் கடமைக்காகச் செய்து முடித்திருந்தால், ஏதோவோர் உலோகத்தைச் சிறந்ததென எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். பரப்பைத் தம் கையால் திருத்திச் சோதித்தமையாலேயே உண்மை வெளிப்பட்டது. கால் நூற்றாண்டின் பின் ஹோல்ட்வுட்டில் அவரைக் காத்ததும் அதே திருத்தமேயாகும்.