கலைப் பள்ளியில் பிறந்த தொழில்

சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி என்றதும் ராய் சௌத்ரி, பணிக்கர், தனபால் என ஓவியர்களும் சிற்பிகளும் நினைவுக்கு வருவர். பொருளியல் பயிற்றுவித்த எனக்கு அங்கே முதலில் தென்படுபவர் ஒரு பொறியாளர்: ஆல்பிரட் சாட்டர்டன்.

1866இல் பிறந்த அவர், 1888இல் சென்னைப் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தார். மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் தொடங்கிய கலைப் பள்ளியின் பொறுப்பு, 1890களின் இறுதியில் அவரிடம் சேர்ந்தது. பித்தளை, செம்புப் பாத்திரம் செய்யத் தெரிந்த கைகள் அங்கே இருந்தன. அக்கைகளிடம் அலுமினியத் தகட்டைக் கொடுத்தார் சாட்டர்டன். வீட்டுப் பாத்திரங்கள் உருவாயின. பின்னர் அப்பணியைத் தனியார் நிறுவனமே ஏற்று நடத்தியது. இன்று நம் சமையலறையில் இருக்கும் அலுமினியச் சட்டியின் பூர்விகம் ஒரு கலைப் பள்ளி என்பதைப் பலர் அறியார்.

குரோம் முறையில் தோல் பதனிடுதல், பாசனத்துக்கு எண்ணெய் இயந்திரம் என அவர் முயற்சிகள் விரிந்தன. எல்லாம் வெல்லவில்லை. சேலத்தில் அவர் முன்னின்று நடத்திய அரசு நெசவுக்கூடம் நெசவாளரை ஈர்க்கவில்லை. வீட்டுத் தறியில் மனைவி மக்களோடு நெய்தவரை மணியடித்து வேலைக்கு அழைத்தால் வருவாரா? அந்தக் கணக்கு அவருக்குப் பிடிபடவில்லை என்றே கருதுகிறேன்.

ஐரோப்பிய வணிகரோ அரசு தொழில் நடத்துவதையே எதிர்த்தனர். 1910இல் லண்டனிலிருந்த இந்திய அமைச்சர் மார்லி அதற்குத் தடை போட்டார். 1912இல் சாட்டர்டன் மைசூர் சமஸ்தானத்துக்குத் தொழில்துறை இயக்குநராகச் சென்றார். விஸ்வேஸ்வரய்யா திவானாக இருந்த அக்காலத்தில், 1916இல் பெங்களூரில் சந்தன எண்ணெய் ஆலை எழுந்தது. சென்னை இழந்த அனுபவம் மைசூருக்குப் பயன்பட்டது.

அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த ஓசூரில் இன்று சரக்கு வாகனமும் இருசக்கர வாகனமும் கைக்கடிகாரமும் தயாராகின்றன. அவற்றுக்கு வடிவம் தரும் கல்வியைத் தேடும் மாணவருக்கு தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் வளாகமும் சிருஷ்டி நிறுவனமும் எல்லைக்கு அப்பால், பெங்களூருவில் இருக்கின்றன. 2013இல் நாம் கண்ட இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் சென்னையில் இருக்கிறது. அதன் வடிவமைப்பு, புதிய ஊடகப் படிப்புகளுக்கென ஒரு வளாகத்தை ஓசூர் சிப்காட்டை ஒட்டி அமைக்கலாம். வார்ப்புப் பட்டறையும் கணினித் திரையும் அடுத்தடுத்த அறைகளில் இருக்கட்டும். நிலத்தையும் நிதியையும் அரசு ஒதுக்கினாலும், பட்டறைக்காரர்களை ஆசிரியர்களாக ஏற்கும் விதி இல்லாவிட்டால் அது இன்னொரு சேலம் நெசவுக்கூடமாகிவிடும்.