பழைய வீடுகளின் வரலாற்றாசிரியர்

மாளிகையைப் போற்றுவோர் பலர். அம்மாளிகையின் பின்புறத்தே புகை படிந்து நிற்கும் அடுக்களையைப் போற்றுவோர் மிகச் சிலர். கல்லில் பெயர் பொறித்த மன்னனை வரலாறு தானே தேடிச் செல்லும். களத்து மேட்டில் தானியக் கொட்டகை எழுப்பிய தச்சனை அது தேடிச் செல்வதில்லை. வரலாறு தேடாத அத்தகைய கட்டடங்களைத் தேடித் தம் முதுமைக் காலத்தில் ஊர் ஊராக அலைந்தவர் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஃபிரான்செஸ் பெஞ்சமின் ஜான்ஸ்டன் அம்மையார்.

அம்மையார் 1864 ஆம் ஆண்டு மேற்கு வர்ஜீனியாவின் கிராஃப்டன் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தாயார் செய்தித்தாள்களுக்கு எழுதி வந்தவர். ஓவியராக விரும்பிய மகள் பாரிஸ் நகரின் ஜூலியன் கலைக்கூடத்தில் பயின்று வாஷிங்டன் திரும்பினார். கோடாக் படக்கருவியால் புகழ் பெற்ற ஜார்ஜ் ஈஸ்ட்மன் குடும்ப நண்பர். அவர் அளித்த படக்கருவி தூரிகையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தாமஸ் ஸ்மில்லி என்பாரிடம் தொழில் நுணுக்கங்களைக் கற்ற அம்மையார், 1890களின் நடுவில் வாஷிங்டனில் தமக்கெனப் படப்பிடிப்பு நிலையம் அமைத்தார்.

பெண்ணொருத்தி தனித்துத் தொழில் நடத்துவது அரிதாக இருந்த காலம் அது. 1897 இல் இதழொன்றில் அவர் எழுதிய கட்டுரை, ஒளிப்படத் தொழிலுக்கு வருமாறு பெண்களை அழைத்தது. குடியரசுத் தலைவர்கள் பலர் அவருடைய படக்கருவியின் முன் அமர்ந்தனர். ஆயினும் அதிகாரத்தின் முகங்களோடு அவருடைய பார்வை நின்றுவிடவில்லை. பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கத்திற்குள் இறங்கிய அவர், லின் நகரக் காலணித் தொழிற்சாலையில் உழைத்த பெண்களையும் படமாக்கினார்.

1899 இல் வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் கல்வி நிறுவனம் அவரை அழைத்தது. அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பின மக்களின் பிள்ளைகளும் அமெரிக்கப் பழங்குடி மாணவர்களும் பயின்ற இடம் அது. அங்கு எடுத்த படங்கள் 1900 இல் பாரிஸ் பொருட்காட்சியில் இடம்பெற்றன. அவற்றுள் இரு வகைப் படங்கள் எதிரெதிரே வைத்து நோக்கத்தக்கவை. ஒன்று, பழைய மரக்குடிலின் வறிய வாழ்வைக் காட்டுவது. மற்றொன்று, அந்நிறுவனத்தில் பயின்றவர் தம் குடும்பத்துடன் ஒழுங்கான புது வீட்டில் அமர்ந்து உண்பதைக் காட்டுவது. கைவிட வேண்டிய பழமையின் அடையாளமாகக் குடிலும், எய்த வேண்டிய முன்னேற்றத்தின் அடையாளமாகப் புது வீடும் நிறுத்தப்பட்டன. கல்வியின் பயனை விளக்கும் பொருட்டு அமைந்த படங்கள் ஆதலின், அவற்றில் குடிலுக்கெனத் தனிமதிப்பு இல்லை.

பின்னர் அவர் நியூயார்க்கில் செல்வர்தம் மாளிகைகளையும் தோட்டங்களையும் படமெடுத்துப் பெயர் பெற்றார். அவ்வளவில் அவருடைய வாழ்வு நிறைவுற்றிருப்பினும் குறைவொன்றும் இல்லை. ஆனால் 1927 இல், அறுபத்து மூன்றாம் அகவையில், புதிய பாதையொன்று திறந்தது. வர்ஜீனியாவில் ராப்பஹானக் ஆற்றங்கரையில் உள்ள சாத்தம் என்னும் பழைய மாளிகையைப் படமெடுக்கச் சென்றவர், அருகிலிருந்த ஃபிரடெரிக்ஸ்பர்க் நகரையும் ஃபால்மத் என்னும் சிற்றூரையும் கண்டார். மாளிகைக்கெனத் தொடங்கிய பணி, சாயம் உதிர்ந்த எளிய வீடுகளை நோக்கித் திரும்பியது.

கார்னகி நிறுவனத்தின் நல்கையால் 1930களில் அப்பணி பரந்து விரிந்தது. மேரிலாந்து, வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா, அலபாமா, லூசியானா என மாநிலம் மாநிலமாக அம்மையார் பயணம் செய்தார். எழுபது அகவையைத் தாண்டிய நிலையிலும் பெரிய படக்கருவியுடன் உட்புறச் சாலைகளில் சென்றார். மாவு ஆலை, சத்திரம், பண்டகசாலை, தேவாலயம், கல்லறைத் தோட்டம், பண்ணைக் கொட்டகை, அடுக்களை, அடிமைகளாக வாழ்ந்தோரின் குடில் ஆகிய அனைத்தும் அவருடைய படங்களில் இடம்பெற்றன. மழையாலும் கறையானாலும் மக்களின் புறக்கணிப்பாலும் அழிந்துகொண்டிருந்தவை அவற்றுள் பல. இவ்வாறு ஏறக்குறைய 1,700 இடங்கள், ஏறத்தாழ 7,100 படங்களாக வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தைச் சேர்ந்தன.

இப்படங்களில் நிழலை மிகைப்படுத்தி இரக்கம் தேடும் முயற்சி இல்லை. மாளிகையின் முகப்புக்கு அளித்த அதே பொறுமை ஆலையின் மரச் சட்டத்திற்கும் கிடைத்தது. கதவின் கீல், படியின் தேய்வு, புகைபோக்கியின் செங்கல் அடுக்கு ஆகியவை தெளிவாகத் தெரியுமாறு ஒளி அமைந்தது. 1899 இல் பின்தங்கிய வாழ்வின் சான்றாக நின்ற குடில், நாற்பதாண்டுகள் கழிந்தபின் கட்டடக் கலையின் சான்றாக நின்றது. குடில் மாறவில்லை, நோக்கியவரின் பார்வையே மாறியிருந்தது. அவருடைய வாழ்வின் பெரும்பேறு இம்மாற்றமே எனலாம்.

குறை ஒன்றும் உண்டு. பிற்காலப் படங்களில் மனிதர் அரிதாகவே தென்படுகின்றனர். அக்குடிலில் உறங்கியவர் யார், அச்செங்கல்லைச் சுமந்த கை எவருடையது என்னும் வினாக்களுக்குப் படம் விடை கூறுவதில்லை. சுவரைக் காத்த படக்கருவியால் சுவரை எழுப்பியோரின் பெயரைக் காக்க இயலவில்லை. எனினும் சுவரின் உருவமும் அழிந்திருப்பின், அவ்வினாவைத் தொடுக்கவே இடமின்றிப் போயிருக்கும்.

1941 இல் வட கரோலினாவின் தொன்மைக் கட்டடக் கலை பற்றிய நூல், தாமஸ் வாட்டர்மன் என்பாரின் எழுத்தும் அம்மையாரின் படங்களும் இணைந்து வெளிவந்தது. 1945 இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் அவரை மதிப்புறு உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது. இறுதி ஆண்டுகளில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பழைய வீடொன்றை வாங்கிக் குடியேறிய அம்மையார், 1952 இல் எண்பத்தெட்டாம் அகவையில் மறைந்தார்.

குடியரசுத் தலைவர்களின் முகங்களைப் பதிவு செய்யப் பிறரும் இருந்தனர். பெயரறியாத் தச்சன் செதுக்கிய வாயிற்படியின் முன் படக்கருவியை நிறுத்தி, அதற்குரிய ஒளி வரும்வரை காத்திருந்தோர் சிலரே. அவ்வாறு காத்திருந்ததனாலேயே பல வீடுகள், இடிந்த பின்னரும் நிற்கின்றன.