அடிபந்தாட்ட வீரர் ரூப் ஃபாஸ்டர்

கிரிக்கெட் ஆட்டம் நம் இளைஞர்க்கு நன்கு பழகியது. அதற்கு உறவான பேஸ்பால் என்னும் அடிபந்தாட்டம் அத்துணைப் பழக்கமில்லை. அமெரிக்க நாட்டிலோ அது ஊர்தோறும் ஆடப்பெறுவது. அணிக்கு ஒன்பதுபேர், பந்தை எறிபவர் வல்லவராயின் ஆட்டத்தின் பாதி அவர் கையில் என்பர். அங்ஙனம் பந்தெறியும் வீரராகப் புறப்பட்டு, பின்னர் எட்டு அணிகளை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த கறுப்பினத் தலைவர் ஒருவரின் வாழ்வை இம்மலரில் வரைகின்றோம்.

ஆண்ட்ரூ ஃபாஸ்டர் என்பது அவர்தம் இயற்பெயர். நாடறிந்த பெயர் ரூப் ஃபாஸ்டர். 1879 செப்டம்பர் 17 அன்று டெக்சாஸ் மாநிலத்துக் கால்வெர்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். அடிமை முறை சட்டத்தால் ஒழிந்து அப்போது 14 ஆண்டுகளே ஆகியிருந்தன. தந்தையார் கறுப்பின மக்களின் திருச்சபை ஒன்றில் போதகர். மைந்தரோ இளமையிலேயே பள்ளியை நீங்கிப் பந்தைக் கையிலெடுத்தார்.

அக்காலத்து நிலையை இங்கே சிறிது விளக்கல் வேண்டும். 1887-இல் பெரிய கூட்டமைப்பு ஒன்றின் உரிமையாளர்கள், இனிக் கறுப்பின ஆட்டக்காரரைப் புதிதாக ஒப்பந்தம் செய்வதில்லை என வாக்கெடுத்து முடிவு செய்தனர். அதன்பின் முதல்நிலை அணிகள் எல்லாம் அவ்வழியே நடந்தன. இத்தடை எந்த விதிநூலிலும் எழுதப்படவில்லை. எழுதப்படாத விலக்கு எத்துணை உறுதியாக நின்றுவிடும் என்பதை நம்மவர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கறுப்பின வீரர்கள் தமக்கெனத் தனி அணிகள் கண்டு, ஊர் ஊராகச் சென்று, கிடைத்த எதிரணியோடு ஆடிப் பிழைத்தனர்.

1902-இல் சிகாகோ நகருக்கு வந்தார் ஃபாஸ்டர். 1903-இல் கியூபன் எக்ஸ் ஜயன்ட்ஸ் அணிக்காகப் பந்தெறிந்து, ஃபிலடெல்ஃபியா ஜயன்ட்ஸ் அணியைத் தோற்கடிப்பதில் பெரும்பங்கு கொண்டார். மறு ஆண்டே தோற்ற அணியில் சேர்ந்து, தம் பழைய அணியை வென்றார்! 1907-இல் ஃபிராங்க் லீலண்டு என்னும் கறுப்பினத் தலைவர் நடத்திய சிகாகோ லீலண்டு ஜயன்ட்ஸ் அணிக்கு வந்தவர், பந்தெறிவதோடு அணியை நடத்தும் பொறுப்பையும் ஏற்றார். எந்த ஊரில் எவரோடு ஆடுவது, நுழைவுக் கட்டணத்தில் என்ன பங்கு கேட்பது என்பவற்றையும் தாமே கவனித்தார். ஆடுகிறவன் வியர்வை சிந்த, வசூலைப் பிறர் எண்ணிக்கொள்ளும் வழக்கத்தை அவர் பொறுக்கவில்லை.

லீலண்டுக்கும் ஃபாஸ்டருக்கும் பிளவு நேர்ந்தது. வழக்கு நீதிமன்றம் சென்றது. லீலண்டு ஜயன்ட்ஸ் என்னும் பெயர் ஃபாஸ்டருக்கே உரியதாயிற்று. தம் பெயரையே இழந்த லீலண்டு, வேறு பெயரில் வேறு அணி தொடங்க வேண்டியவரானார். இதில் நம் பரிவு லீலண்டின் பக்கமும் செல்கிறது.

அதன்பின் வந்த 1910-ஆம் ஆண்டுப் பருவமே பெரிதும் பேசப்படுவது. ஜான் ஹென்றி லாய்டு, பீட் ஹில், கிராண்ட் ஜான்சன், புரூஸ் பெட்வே ஆகியோரை ஃபாஸ்டர் ஓரணியில் திரட்டினார். மட்டையை ஓங்கி வீசாது பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடுதல், எதிரணி அயர்ந்த நொடியில் அடுத்த நிலையைக் கைப்பற்றுதல் ஆகிய நுட்பங்களில் அவர்களைப் பயிற்றினார். அப்பருவத்தில் 123 ஆட்டங்களில் வென்று 6-இல் மட்டுமே தோற்றனர் என்பது வழிவழிவரும் கணக்கு. எதிர்த்தவருள் பலர் முழுநேர ஆட்டக்காரரல்லாத உள்ளூர் அணியினர் என்பதையும் மறைத்தலாகாது. ஆயினும் முதல்நிலை அணிகளின் வாயில்கள் அடைக்கப்பட்டிருந்தபோது அவர்கள் வேறு யாரோடு ஆடுவர்?

1911-இல் ஜான் ஷார்லிங் என்னும் வெள்ளையரோடு கூட்டுச் சேர்ந்தார். அணி, சிகாகோ அமெரிக்கன் ஜயன்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. ஒயிட் சாக்ஸ் என்னும் வெள்ளையர் அணி விட்டுச்சென்ற திடலில் ஆடிற்று.

1919 கோடையில் சிகாகோவில் மூண்ட இனக்கலவரத்தில் 38 பேர் மாண்டனர். அவருள் 23 பேர் கறுப்பினத்தவர். அடுத்த ஆண்டு பிப்ரவரி 13 அன்று, கான்சாஸ் சிட்டி நகரத்து ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் அணி உரிமையாளர்களைக் கூட்டினார் ஃபாஸ்டர். நீக்ரோ நேஷனல் லீக் பிறந்தது. எட்டு அணிகள் சேர்ந்தன. ஓரணியே எப்போதும் வென்றால் மக்கள் வரமாட்டார் என்றறிந்து, ஆஸ்கர் சார்ல்ஸ்டன் என்னும் ஒப்பற்ற வீரரைத் தம் அணியிலிருந்து இண்டியானபோலிஸ் அணிக்கு விட்டுக்கொடுத்தார். கைப்பொருள் வற்றிய அணிகளுக்குத் தாமே பணம் கொடுத்து உதவினார். இத்தனைக்கும் பின் 1920, 1921, 1922 மூன்றாண்டும் அவரணியே வென்றது என்பது வேறு! ஆட்ட அட்டவணையும் தலைமையும் அவர் ஒருவர் கையிலேயே இருந்தன. வசூலில் நூற்றுக்கு 5 பங்கும் அவருக்கே சென்றது. பிற உரிமையாளர்கள் முணுமுணுத்தனர். அக்குறை முற்றும் பொய்யெனச் சொல்ல இயலாது. ஒருவரே சுமந்தால் அவர் சாயும்போது எல்லாம் சாயுமன்றோ?

சாய்வும் விரைவில் வந்தது. 1925-இல் தங்கியிருந்த அறையில் எரிவாயு கசிந்து, உயிர் தப்பினார். 1926-இல் மனம் பேதலித்தது. இல்லினாய் மாநிலத்துக் கான்ககீ மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மீளாமலே 1930 டிசம்பர் 9 அன்று 51-ஆம் வயதில் மறைந்தார். சிகாகோவில் ஆயிரக்கணக்கானோர் குளிரில் நின்று இறுதி வணக்கம் செலுத்தினர். அணியோ, அதற்கு முன்னரே வெள்ளையர் கைக்குப் போயிருந்தது. அவர் கண்ட லீக் 1931-உடன் கலைந்தது.

1947-இல் ஜாக்கி ராபின்சன் முதல்நிலை அணியில் கால்வைத்தபோது அப்பழைய தடை உடைந்தது. 1981-இல் ஃபாஸ்டரின் பெயர் கூப்பர்ஸ்டவுன் புகழ்மன்றத்தில் பொறிக்கப்பட்டது. 2020 டிசம்பரில், 1920 முதல் 1948 வரை நடந்த கறுப்பினத்தார் லீகுகள் ஏழினையும் முதல்நிலைக்குரியவையென ஏற்றனர். 2024-இல் அவற்றின் கணக்குகளும் பொதுக் கணக்கில் சேர்ந்தன. 1910-இன் அந்த 123 வெற்றிகள் அவ்வெல்லைக்கு முற்பட்டவை; அப்பேரேட்டில் அவற்றுக்கு இடமில்லை.