கடற்கரையில் ஒரு தாய் காத்திருந்த நாட்கள்

அய்யா துணை



பதியில் பணிவிடை செய்கிறவர்களுக்கு ஒரு முகம் நன்றாகத் தெரியும். முத்திரிக்கிணற்றில் பதமிட்டு, ஈரத்துணியோடு வந்து, எதைக் கேட்பது என்றுகூடத் தெரியாமல் நிற்கிறவரின் முகம். அந்த முகம் ஒரு காலத்தில் என்னுடையதாகவும் இருந்தது. நான் வைத்திருந்த சிறிய பலசரக்குக் கடை நொடித்துப்போய், கடன்காரருக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். இனி எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. அப்போது எங்கள் தாங்கலில் இருந்த பெரியவர் ஒருவர் என்னை உட்காரவைத்து, எனக்குத் தெரிந்த அய்யாவின் சரிதையையே முதலிலிருந்து மறுபடியும் சொன்னார். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1809ஆம் ஆண்டு, இன்று சுவாமித்தோப்பு என்று நாம் வணங்கும் பூவண்டன்தோப்பில், பொன்னுமாடனுக்கும் வெயிலாளுக்கும் ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. பெற்றவர்கள் முடிசூடும் பெருமாள் என்று ஆசையாகப் பெயரிட்டார்கள். தாழ்ந்த சாதியான் என்று தள்ளப்பட்ட வீட்டில் இப்படி ஒரு பெயரா என்று மேல்சாதியார் எதிர்த்தார்கள். முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று. பிள்ளைக்குப் பெயர் வைக்கும் உரிமைகூட இல்லாத காலம் அது. அன்றைய திருவிதாங்கூரில் பனை ஏறுகிறவனுக்கு வரி, தலைக்கு வரி, கூலி இல்லாத ஊழியம். பெண்கள் மார்பை மறைக்கவும் தடை இருந்தது. வழி தெரியாமல் நின்றது ஒரு மனிதன் அல்ல, ஒரு சனமே அப்படி நின்றது.

முத்துக்குட்டி சிறுவயது முதலே நாராயணர்மேல் பக்தி கொண்டவர். வீட்டிலேயே பீடம் அமைத்து வணங்கினார். அப்படிப்பட்டவருக்கும் கொடிய நோய் வந்தது. இதை நாம் கவனிக்க வேண்டும். பக்தி இருந்தால் துன்பம் வராது என்று அய்யாவின் சரிதை எங்கும் சொல்லவில்லை. செய்த வைத்தியம் பலிக்கவில்லை. உடம்பு நாளுக்கு நாள் ஒடுங்கியது.

அந்த நிலையில்தான் வெயிலாள் கனவில் நாராயணர் தோன்றி, மகனைத் திருச்செந்தூர் மாசித் திருவிழாவுக்குக் கொண்டுவரச் சொன்னார். குணமாகும் என்பதற்கு அந்தத் தாயிடம் கனவைத் தவிர வேறு உறுதி எதுவும் இல்லை. ஆனாலும் புறப்பட்டாள். நடக்க முடியாத மகனைத் தொட்டில் கட்டி உறவினர் சுமக்க, கால்நடையாகவே போனார்கள்.

திருச்செந்தூரில் முத்துக்குட்டி கடலில் இறங்கினார். அலை அவரை மறைத்தது. தேடியும் காணவில்லை. கடல் கொண்டுபோய்விட்டது என்று கூட வந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். தாய் மட்டும் போகவில்லை. குணமாக்கக் கொண்டுவந்த பிள்ளையைப் பறிகொடுத்து, கரையிலேயே அழுதபடி கிடந்தாள். கனவு பொய்யோ என்று அவள் நெஞ்சு எத்தனை முறை கேட்டிருக்கும்! ஆனாலும் கரையை விட்டு எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள், கொல்லம் ஆண்டு 1008, மாசி 20. ஆங்கில ஆண்டு 1833. கடலிலிருந்து அவர் எழுந்து வந்தார். மகனே என்று ஓடிவந்தவளிடம், தாம் இனி அவளுக்கு மட்டும் மகன் அல்ல, நாராயணருக்குப் பிள்ளையாய் உலகுக்கு வந்த வைகுண்டர் என்று உணர்த்தினார். அவள் கேட்டது ஒரு பிள்ளையின் நோய் தீர வேண்டும் என்பதுதான். கிடைத்ததோ ஒரு சனத்தின் நோய் தீர்க்க வந்த அய்யா.

கடலிலிருந்து வந்தவுடன் எல்லாம் மாறிவிடவில்லை. அய்யா தெச்சணம் வந்து 6 ஆண்டுகள் தவமிருந்தார். முதல் 2 ஆண்டுகள் ஆறடிக் குழிக்குள், அடுத்த 2 ஆண்டுகள் தரையில், கடைசி 2 ஆண்டுகள் உயர்ந்த இருக்கையில். அந்தத் தவத்தின் இடமே இன்றைய வடக்கு வாசல். குழியிலிருந்துதான் தரைக்கும், தரையிலிருந்துதான் பீடத்துக்கும் வழி என்பதை அய்யா தம் உடம்பாலேயே காட்டினார்.

சனம் அவரைத் தேடி வரத் தொடங்கியதும் மன்னன் சுவாதித் திருநாளின் சேவகர் வந்தார்கள். எதிர்த்து நிற்க மக்கள் துடித்தார்கள். அய்யா அவர்களைப் பொறுமை காக்கச் சொல்லிவிட்டுத் தாமாகவே உடன் நடந்தார். திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்புச் சிறையில் 100 நாட்களுக்கு மேல் வைத்தார்கள். நஞ்சு கொடுத்தார்கள்; புலியின்முன் விட்டார்கள். எதுவும் அவரைத் தொடவில்லை. சொந்தச் சாதியாரோடு மட்டும் இருப்பதாக எழுதிக் கொடுத்தால் விடுதலை என்றபோதும் அவர் இணங்கவில்லை. 1839இல் வெளியே வந்தார்.

அதன்பின் 700 குடும்பங்களைக் கடற்கரைக்கு அனுப்பித் துவையல் தவசு இருக்கச் செய்தார். கடலில் குளி, துணியைத் துவை, ஒருவேளை உண், சேர்ந்து வணங்கு. வழி தெரியாத சனத்துக்கு அய்யா காட்டிய முதல் வழி இவ்வளவு எளிமையானது. எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் எடுத்தார்கள். குனிந்தே பழகிய தலையில் தலைப்பாகை ஏறியது. பள்ளியறையில் கண்ணாடி வைத்து, உனக்குள்ளேயே இறைவன் இருக்கிறான் என்று உணர்த்தினார். 1851ஆம் ஆண்டு வைகாசி 21 அன்று அய்யா வைகுண்டம் ஏகினார்.

பெரியவர் சொல்லி முடித்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. அந்தத் தாய்க்கு முழு வழியும் தெரியவில்லை. திருச்செந்தூர்வரை போகச் சொன்னது மட்டுமே தெரியும். அதுவரை போனாள். பிறகு காத்திருந்தாள். அய்யா நமக்கும் அடுத்த அடியை மட்டுமே காட்டுகிறார். மறுநாள் அதிகாலை எழுந்து, குளித்து, தாங்கலைப் பெருக்கினேன். பிறகு கடன்காரரைத் தேடி நானே போனேன். கடை திரும்பவில்லை, கடன் அடைய வருடங்கள் ஆயின. ஆனால் அன்றைக்குப் பிறகு வீட்டுக்குள் ஒளிந்து கிடக்கவில்லை.

வழி தெரியாமல் நிற்கும் அன்பரே, கரையை விட்டு எழுந்து போய்விடாதீர்கள். நெற்றியில் நாமம் தரித்து, இன்று செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யுங்கள். இயன்ற தர்மம் செய்யுங்கள். மற்றதை அய்யா பார்த்துக்கொள்வார்.

அய்யா உண்டு.