யானையின் மரணத்தை விசாரித்த மருத்துவர்

காட்டில் இறந்துகிடக்கும் யானையின் தந்தத்தைப் பத்திரப்படுத்திவிட்டு உடலைப் புதைத்துவிடுவது எளிது. அது ஏன் இறந்தது என்று கேட்பதுதான் கடினம். அந்தக் கேள்வியை வாழ்நாள் கடமையாகக் கொண்டவர், 'டாக்டர் கே' என்று அழைக்கப்பட்ட கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி.

தமிழக வனத் துறையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பணியாற்றிய அவர், முதுமலையிலும் ஆனைமலையிலும் முகாம் யானைகளுக்குச் சிகிச்சை அளித்தார். அத்துடன் நில்லாமல், காட்டில் இறக்கும் யானைகளுக்கும் உடற்கூறாய்வு நடத்தப்பட வேண்டும் என்று வற்புறுத்தினார். துர்நாற்றம் வீசும் சடலத்தின் அருகே நின்று, சாவுக்குக் காரணம் குண்டா, நோயா, முதுமையா என்று ஆராய்ந்தார். முகாம் யானைகளின் பிறப்பு, இறப்புப் பதிவுகளை ஆர். சுகுமார் உள்ளிட்ட அறிஞர்களுடன் சேர்ந்து ஆராய்ந்து, 1997-இல் கட்டுரையாக வெளியிட்டார்.

இந்த அக்கறை ஏன் தேவை? 1968-இல் முதுமலை, பந்திப்பூர் காடுகளில் வெக்கை நோய் பரவிக் காட்டுமாடுகள் பெருமளவில் மடிந்தன. கால்நடைகளுக்கும் காட்டு விலங்குகளுக்கும் பொதுவான நோய் அது. கால்நடைகளுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டதன் பயனாக, 2011-இல் அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

அடைப்பான் நோய் அவ்வாறு ஒழியவில்லை. அந்த ஐயம் எழுந்தால், முதலில் ஒரு துளி இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். கிருமி தென்பட்டால் உடலைக் கீறவே கூடாது. எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும். கீறினால் கிருமிகள் காற்றுப் பட்டு வித்துகளாக மாறி, பல்லாண்டுகள் மண்ணில் உயிர்த்திருக்கும். எப்போது அறுக்க வேண்டும் என்பதைப் போலவே, எப்போது அறுக்கக் கூடாது என்பதையும் அறிந்த மருத்துவர் காட்டுக்கு இன்றியமையாதவர்.

கிருஷ்ணமூர்த்தி 2002-இல் மறைந்தார். ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதை அவரைத் தமிழ் வாசகர்களிடம் பரவலாகக் கொண்டுசேர்த்தது. அவரைப் போற்றுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. ஜவ்வாது மலையைப் போல, காடும் மேய்ச்சல் நிலமும் ஒன்றையொன்று தொட்டுக்கிடக்கும் இடங்களில் மலைக் கிராமத்து மாட்டுக்குப் போடும் தடுப்பூசி காட்டு விலங்குக்கும் காவலாகும். ஒவ்வொரு வனக்கோட்டத்திலும் தேர்ந்த கால்நடை மருத்துவரும், இரத்த மாதிரியைத் தாமதமின்றி ஆராயும் வசதியும் இருக்க வேண்டும். காரணம் அறியப்படாத ஒரு மரணம், அடுத்த மரணத்துக்கு வழிவிடும்.