நம்பிக்கையை மீட்ட வழக்குரைஞர்

நுழையும்முன்

வாழ்நாள் முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் ஒரே காலைப்பொழுதில் இல்லாமல் போனால், இழந்தவர் யாரிடம் முறையிடுவார்? நூற்றாண்டுக்கு முன்னர்ச் சென்னை மாகாணத்தில் பல்லாயிரம் குடும்பங்கள் இந்த வினாவோடு நின்றன. அவர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடியதோடு அமையாமல், அந்நிலை மீண்டும் நேராதிருக்க வழிகண்ட வழக்குரைஞர் ஒருவரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் தொழிலும்

வி. கிருஷ்ணசாமி ஐயர் 1863ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் தஞ்சை மாவட்டத்துத் திருவிடைமருதூரில் பிறந்தார். தந்தை வெங்கடராம ஐயர் மாவட்ட முன்சீபாகப் பணியாற்றியவர். ஆகவே நீதிமன்றம், வழக்கு, சாட்சி, தீர்ப்பு என்னும் சொற்கள் அவருக்குச் சிறுவயதிலேயே பழகியவை. கும்பகோணம் அரசுக் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று, சட்டப்பட்டம் பெற்று, 1885ஆம் ஆண்டு சென்னையில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார்.

அக்காலத்தில் இங்கிலாந்து சென்று பயின்று வந்தோர் பாரிஸ்டர்கள் எனப்பட்டனர். இந்நாட்டிலேயே சட்டம் பயின்றோர் வக்கீல்கள் எனப்பட்டனர். மதிப்பும் செல்வாக்கும் முன்னவர்க்கே மிகுதி. அந்த வேறுபாட்டை உழைப்பால் கடந்த தலைமுறையைச் சேர்ந்தவர் கிருஷ்ணசாமி ஐயர். 1891இல் தொடங்கப்பெற்ற ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ என்னும் சட்ட இதழின் வளர்ச்சியில் மயிலாப்பூர் வழக்குரைஞர்களோடு அவரும் பங்குகொண்டார். தீர்ப்புகளைத் தொகுத்து ஆராய்ந்து வெளியிடும் அவ்விதழ், சட்ட அறிவு ஒருசிலர்க்கே உரியதாய் இராமல் பலர்க்கும் கிட்ட வழிசெய்தது.

அர்பத்நாட் வீழ்ச்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையின் வணிகத்தை ஆண்ட ஆங்கில நிறுவனங்களுள் பாரி, பின்னி, அர்பத்நாட் ஆகிய மூன்றும் தலையாயவை. அர்பத்நாட் நிறுவனம் வணிகத்தோடு வங்கித் தொழிலையும் நடத்தியது. ஓய்வுபெற்ற அலுவலர், கைம்பெண்கள், சிறுவணிகர் எனப் பலரும் தம் சேமிப்பை அங்கே வைத்திருந்தனர். ஆங்கிலேயரின் நிறுவனம், நெடுங்காலப் பெயர், நகரின் முதன்மை மனிதர்கள் நடத்துவது என்பனவே அவர்கள் கண்ட ஈடு.

1906ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், அந்நிறுவனம் பணம் தர இயலாமல் கதவடைத்தது. லண்டனில் இருந்த அதன் இணை நிறுவனமும் சரிந்தது. கடன் ஏறத்தாழப் பத்து லட்சம் பவுண்டு. கடனீந்தோர் ஏறத்தாழ 7,000 பேர். மகளின் திருமணத்திற்கென வைத்த பணமும் முதுமைக்கென வைத்த பணமும் ஒரே கணக்கில் முடங்கின.

இந்த வீழ்ச்சியின் வேர் அந்நிறுவனத்தின் அமைப்பிலேயே இருந்தது. அது சில பங்காளிகளின் கூட்டு நிறுவனம். தன் வரவு செலவைப் பொதுமக்களுக்குக் காட்டவேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. வைப்புத்தொகை எந்த வணிகத்தில் முடங்கியிருக்கிறது என்பதைப் பணம் வைத்தவர் அறிய வழியில்லை. வட்டி ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்வரை யாரும் வினவவும் இல்லை.

நீதிமன்றத்தில்

நொடித்துப்போன நிறுவனத்தின் வழக்கு, இருவர் சொத்துக்காக வாதிடும் வழக்கைப் போன்றதன்று. எஞ்சியிருக்கும் சொத்துகளைக் கண்டறிதல் வேண்டும். அவற்றை விற்றுப் பணமாக்குதல் வேண்டும். யார்க்கு எவ்வளவு கடன் என்பதை மெய்ப்பித்தல் வேண்டும். அடைமானம் போன்ற ஈடு பெற்றவர் முதலில் பெறுவர். ஈடின்றி, நம்பிக்கையை மட்டும் கொண்டு பணம் வைத்தவர், மிஞ்சியதைத் தம் கடன் அளவிற்கேற்பப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆவணம் ஒன்று விடுபட்டால் ஓர் ஏழையின் பங்கு குறைந்துபோகும்.

இத்தகைய வழக்கில் இந்தியக் கடனீந்தோர் சார்பில் முன்னின்றார் கிருஷ்ணசாமி ஐயர். நிறுவனத்தின் தலைவரான சர் ஜார்ஜ் அர்பத்நாட், ஆட்சியாளரிடத்தும் வணிகரிடத்தும் பெருஞ்செல்வாக்குப் பெற்றவர். அவர்மீது குற்றவழக்கும் தொடரப்பட்டது. அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். ஆளும் இனத்தைச் சேர்ந்த பெருவணிகர் ஒருவர் சிறை சென்றது அக்காலச் சென்னையில் எளிய செய்தியன்று.

ஆயினும் தண்டனையால் இழந்த பணம் முழுமையாக மீளவில்லை. குற்றவாளி சிறை சென்றபின்னும் சேமிப்பை இழந்தவர் வீட்டு அடுப்பு முன்போல் எரியாது. இந்த உண்மையே கிருஷ்ணசாமி ஐயரை அடுத்த செயலுக்கு இட்டுச்சென்றது.

சொந்த வங்கி

இந்தியரின் பணத்தை இந்தியரே காக்கும் வங்கி ஒன்று வேண்டும் என்று அவர் கருதினார். அது சுதேசி உணர்வு பெருகிய காலம். 1906ஆம் ஆண்டில்தான் மற்றொரு வழக்குரைஞரான வ.உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். கடலில் நிகழ்ந்த முயற்சியை ஒத்ததே கருவூலத்தில் நிகழ்ந்த இம்முயற்சி.

ஆனால், ஒரு வங்கியிடம் ஏமாந்த மக்களிடம் மற்றொரு வங்கிக்குப் பணம் கேட்பது எளிதா? கிருஷ்ணசாமி ஐயர் பர்மா, இலங்கை, மலாயா எனப் பரந்த நிலங்களில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தாரின் ஆதரவை நாடினார். அவர்களிடம் பொருளும் இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கணக்கெழுதிப் பழகிய கையும் இருந்தது. சிதம்பரத்தில் உயர்நிலைப் பள்ளி நிறுவிய இராமசாமி செட்டியார் அம்முயற்சிக்குத் துணைநின்றோருள் ஒருவர். அவர்தம் இளவல் அண்ணாமலை செட்டியாரே பின்னர் 1920இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கியவர். அதன் வளர்ச்சியே 1929இல் உருவான அண்ணாமலைப் பல்கலைக்கழகம்.

1907ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் இந்தியன் வங்கி பதிவு செய்யப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் அது தன் பணியைத் தொடங்கியது. தொடங்கிய இடம் சென்னைப் பாரிமுனையில் இருந்த பாரி கட்டடம். கடலூரை அடுத்த நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையால் இப்பகுதி மக்கள் நன்கறிந்த பெயர் அது. புதிய வங்கி, பங்குதாரர்களைக் கொண்ட நிறுவனமாக அமைந்தது. அதன் கணக்குகள் தணிக்கைக்கு உட்பட்டவை. பங்குதாரர் முன் வைக்கப்படுபவை. அர்பத்நாட்டில் மூடியிருந்த கணக்கேடு இங்கே திறந்தது.

மாற்றாரையும் மதித்தவர்

அரசியலில் கிருஷ்ணசாமி ஐயர் மிதவாதி. பாரதியாரோ தீவிரப் போக்கினர். மிதவாதிகளைத் தம் இதழில் கடுமையாகத் தாக்கி எழுதியவர். எனினும் 1907இல், ஜி.ஏ. நடேசன் வழியாகப் பாரதியாரின் நாட்டுப்பாடல்களைக் கேட்ட கிருஷ்ணசாமி ஐயர், அவற்றுள் சிலவற்றைத் தம் செலவில் 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். பாடியவர் தம் எதிரணியினர் என்பது பாடலின் மதிப்பைக் குறைக்கவில்லை.

மயிலாப்பூரில் வேங்கடரமண ஆயுர்வேத மருந்தகத்தை 1905இலும் சென்னை வடமொழிக் கல்லூரியை 1906இலும் அவர் நிறுவினார். 1909இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1911இல் ஆளுநரின் நிருவாகக் குழு உறுப்பினரானார். அவ்வாண்டு டிசம்பர் 28ஆம் நாள், 48ஆம் அகவையில் மறைந்தார்.

நிலைத்த பணி

அவர் நட்ட வங்கி 1932இல் கொழும்பில் கிளை திறந்தது, 1969இல் நாட்டுடைமையாக்கப்பட்டது, இன்றும் சிற்றூர் மக்களின் சேமிப்பைக் காத்துவருகிறது. சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தின் அலையாத்திக் காடுகள் கடலைத் தடுத்து நிறுத்துவதில்லை. வரும் அலையின் வேகத்தைத் தம் வேர்களால் தணித்துக் கரையைக் காக்கின்றன. நல்ல சட்டமும் நல்ல நிறுவனமும் செய்யும் பணி அத்தகையதே. இழப்பு நேர்ந்தபின் நீதி கேட்பது வழக்குரைஞரின் கடமை. அவ்விழப்பு மீண்டும் நேராவண்ணம் வேர் ஊன்றியது கிருஷ்ணசாமி ஐயரின் பெருமை.

தெரிந்து தெளிவோம்

அர்பத்நாட் வீழ்ந்த காலத்தில் வங்கி வைப்புகளுக்குக் காப்பீடு இல்லை. அமெரிக்க நாட்டில் 1933இல் அத்தகைய காப்பீடு சட்டமாயிற்று. இந்தியாவில் 1962ஆம் ஆண்டு முதல் வைப்புத்தொகைக் காப்பீடு நடைமுறையில் உள்ளது. 2020 முதல் அதன் வரம்பு, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய். 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வங்கிச் சேவையையும் உள்ளடக்கியது. 2019ஆம் ஆண்டின் புதிய சட்டம், குறையுள்ள பொருளால் தீங்குற்றவர் அதனை உருவாக்கியவரிடமும் விற்றவரிடமும் இழப்பீடு கோரும் உரிமையை வரையறுத்தது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் வங்கிக் கிளைக்குச் சென்று, வைப்புத்தொகைக் காப்பீடு குறித்துக் கேட்டறிந்து குறிப்பெழுதுக.

2. அர்பத்நாட் நிறுவனத்தின் அமைப்பையும் இந்தியன் வங்கியின் அமைப்பையும் ஒப்பிட்டு வகுப்பில் உரையாடுக.

3. ‘தண்டனை மட்டும் இழப்பை ஈடுசெய்யுமா?’ என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.