பாலை கண்ட ஓவியர்

தமிழ்ப் புலவர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தனர். அவற்றுள் பாலை என்பது, கோடையின் கொடுமையால் காடும் மலையும் தம் வளம் இழந்து நிற்கும் நிலையாகும். நீரின்மையும் வெம்மையும், வழிச்செல்வோரை மடக்கிப் பறிக்கும் ஆறலைகள்வரும் அந்நிலத்திற்கு உரியனவாகப் பாடப்பெற்றன. நம் நாட்டுப் பாலை, மழை பெய்தால் மறைந்துவிடும். உலகின் வேறு சில பகுதிகளிலோ ஆண்டு முழுதும் பாலையாகவே கிடக்கும் பெருநிலங்கள் உள்ளன. ஒளிப்படக் கலை பரவாத காலத்தில், அந்நிலங்களைப் பிற நாட்டு மக்களின் கண்முன் கொண்டுவந்தவர்கள் ஓவியர்களே. அவர்களுள் ஒருவர் எட்வர்டு லியர். அரபு நாட்டுப் பாலையிலுள்ள பாறை நகரையும், நம் மாமல்லபுரத்தையும் வரைந்த கை அவருடையது.

லியர் 1812ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் இலண்டனை அடுத்த ஹாலோவே என்னும் ஊரில் பிறந்தார். அவர் பெற்றோர்க்கு மக்கள் இருபத்தொருவர் என்றும், இவர் இருபதாமவர் என்றும் கூறுவர். தந்தையார் வாணிகத்தில் பொருளிழந்தமையால் குடும்பம் நிலைகுலைந்தது. அந்நிலையில் லியரைத் தாய்போல் வளர்த்தவர் அவருடைய மூத்த தமக்கையாராகிய ஆன் என்பவர். இளமையிலேயே லியரைக் காக்கை வலிப்பு நோய் பற்றிக்கொண்டது. ஈளை நோயும் கண்பார்வைக் குறைவும் உடன் சேர்ந்தன. வலிப்பு நோயை அவர் வாழ்நாள் முழுதும் பிறர் அறியாவண்ணம் மறைத்தே வந்தார்.

முறையான பள்ளிக் கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. தமக்கையார் கற்பித்த சித்திரக் கலையே சோறிடும் தொழிலாயிற்று. பதினெட்டு வயதில், இலண்டன் விலங்கியல் தோட்டத்திலிருந்த கிளிகளை உயிருடன் கண்டு வரையத் தொடங்கினார். இறந்த பறவைகளின் பாடம் செய்த உடல்களைப் பார்த்தே பலரும் வரைந்துவந்த காலம் அது. 1830 முதல் 1832 வரை வெளிவந்த அக்கிளி ஓவியங்கள் நாற்பத்திரண்டும் அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தன. அது கண்ட டெர்பி பிரபு, தம் மாளிகையிலிருந்த விலங்குகளையும் பறவைகளையும் வரையுமாறு அவரை அழைத்தார். அம்மாளிகைச் சிறுவர்களை மகிழ்விக்க அவர் புனைந்த வேடிக்கைப் பாடல்கள் 1846இல் நூலாக வெளிவந்தன. இன்றும் ஆங்கிலச் சிறுவர்கள் அவற்றைப் பாடி மகிழ்கின்றனர்.

நுண்ணிய வேலையால் கண்கள் மேலும் தளர்ந்தன. குளிர் உடலை வருத்தியது. ஆகவே 1837இல் லியர் உரோமாபுரிக்குச் சென்றார். பறவைகளை விடுத்து இயற்கைக் காட்சிகளை வரையலானார். 1846இல் விக்டோரியா அரசியாருக்கே சித்திரம் கற்பிக்கும் பேறு பெற்றார். ஆயினும் தம் கல்வி நிரம்பியது என்று அவர் கருதவில்லை. நாற்பது வயதை நெருங்கும் காலத்தில், இலண்டன் அரசவைக் கலைக்கழகத்தின் பள்ளியில் இளைஞர்களோடு இளைஞராக மாணவராய்ச் சேர்ந்தார்.

காட்சியொன்றைக் கண்டதும் காரெழுதுகோலால் விரைந்து வரைவது லியரின் வழக்கம். வரைந்த இடம், நாள், நேரம் ஆகியவற்றை அத்தாளிலேயே குறிப்பார். பாறையின் நிறம் யாது, நிழலின் நிறம் யாது என்பனவற்றையும் ஆங்காங்கே எழுதிவைப்பார். பின்னர்த் தங்குமிடத்தில் அமைதியாக அமர்ந்து, மையாலும் வண்ணத்தாலும் ஓவியத்தை நிறைவு செய்வார்.

1849இல் சினாய்ப் பாலையைக் கண்ட லியருக்குப் பெட்ரா நகரைக் காணும் வேட்கை இருந்தது. அந்நகர் இன்றைய சோர்தான் நாட்டில் உள்ளது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நபட்டேயர் என்னும் அரபு மக்கள் செந்நிற மணற்பாறைகளைக் குடைந்து அதனை அமைத்தனர். ஐரோப்பியர் நெடுங்காலம் அறியாதிருந்த அந்நகரைப் பர்க்கார்ட்டு என்னும் பயணி கண்டு கூறியது, லியர் பிறந்த அதே 1812ஆம் ஆண்டிலாகும். 1839இல் டேவிட் இராபர்ட்சு என்னும் ஓவியர் அங்குச் சென்று வரைந்த படங்கள் ஐரோப்பா எங்கும் பரவின.

1858 ஏப்பிரலில் லியர் ஒட்டகங்களுடன் எப்ரோன் நகரிலிருந்து புறப்பட்டார். கார்பு தீவினரான ஜார்ஜியோ என்னும் பணியாளர் உடன் சென்றார். 13ஆம் நாள் பெட்ராவை அடைந்தனர். செம்மையும் மஞ்சளும் கருமையும் வரிவரியாய் ஓடும் பாறைகளைக் கண்டு லியர் வியந்து நின்றார். சமையற்காரராகிய ஜார்ஜியோவோ, கறிப்பொடி முதலிய உணவுப்பொருள்களின் நிறங்களையே அவற்றிற்கு உவமையாகக் கண்டார்!

வழிச்செல்வோரிடம் அப்பகுதி மக்கள் பணம் பெறுதல் அங்கு வழக்கம். அதனை யார் பெறுவது என்பதில் கூட்டத்தாரிடையே பூசல் எழுந்தது. மறுநாள் நூற்றுக்கு மேற்பட்டோர் கூடாரத்தைச் சூழ்ந்துகொண்டனர். கொடுத்த பணம் போதாதென்று லியரைப் பற்றிப் பிடித்தனர், ஆடையைக் கிழித்தனர், கைத்துப்பாக்கியும் கடிகாரமும் தவிரப் பையிலிருந்த அனைத்தையும் பறித்தனர். பல நாள் தங்கி வரைய எண்ணி வந்தவர் இரண்டாம் நாளே அவ்விடத்தை விட்டு நீங்க நேர்ந்தது. ஆயினும் அச்சிறு பொழுதில் வரைந்த ஓவியங்கள் அவரிடம் எஞ்சின. உயிருக்கு அஞ்சவேண்டிய வேளையிலும் அவர் கண்கள் கண்ட அழகு அவற்றில் குன்றாமல் நிற்கின்றது.

ஆண்டுகள் பல சென்றன. இந்தியாவில் அரசப் பிரதிநிதியாயிருந்த நார்த்புரூக்கு பிரபு தம் நண்பராகிய லியரை இங்கு வருமாறு அழைத்தார். 1872இல் புறப்பட்ட லியர் சூயசுவரை வந்து மனம் தளர்ந்து திரும்பிவிட்டார். ஆனால் மறு ஆண்டே மீண்டும் புறப்பட்டு, 1873 நவம்பர் 22ஆம் நாள் பம்பாயில் கரையிறங்கினார். அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்று. காசி, கல்கத்தா, டார்ச்சிலிங்கு, தில்லி, சிம்லா முதலிய இடங்களைக் கண்டபின், 1874இல் தென்னாடு வந்தார். சென்னை, காஞ்சிபுரம், மாமல்லபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் என்னும் ஊர்களையும் நீலமலையையும் கண்டு வரைந்தார்.

நபட்டேயர் மணற்பாறையைக் குடைந்தனர்; பல்லவர் அதனினும் வலிய கருங்கற் பாறையைச் செதுக்கினர். முன்னது நீரற்ற பாலையில் நிற்பது. பின்னது அலை வீசும் நெய்தற் கரையில் நிற்பது. இவ்விரண்டையும் நேரிற் கண்டு வரையும் வாய்ப்பு அக்காலத்தில் மிகச் சிலருக்கே கிட்டியது.

இலங்கையில் ஜார்ஜியோ கடும் நோயுற்றார். அவர் தேறிய பின்னர், 1875 சனவரியில் இருவரும் பம்பாயிலிருந்து திரும்பினர். லியர் இந்தியாவில் வரைந்த ஓவியங்கள் ஆயிரத்திற்கு மேற்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை இன்று அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. இருபத்தேழு ஆண்டுகள் உடனிருந்த ஜார்ஜியோ 1883இல் மறைந்தார். இத்தாலி நாட்டுச் சான்ரெமோவில் வாழ்ந்த லியர் 1888 சனவரி 29ஆம் நாள் இயற்கை எய்தினார். அங்கு அவர் கல்லறைக்கு அருகில் ஜார்ஜியோவுக்கும் ஒரு நினைவுக்கல் நிற்கின்றது.

நோயும் வறுமையும் தனிமையும் லியரை விட்டு நீங்கியதில்லை. ஆயினும் அவை அவர் கையிலிருந்த எழுதுகோலைப் பறிக்க இயலவில்லை. பாலையிலும் அழகு உண்டு என்பதைக் காணும் கண் அவருக்கு இருந்தது. அதனைப் பிறரும் காணச் செய்தல் தம் கடமை என்று உழைத்தமையால், அவர் பெயர் நின்று நிலவுகின்றது.